பதில் சொல்லும் கலை: கே.பி.ஏ.சி. லலிதாவின் மேடையும் திரையும்



மட்டாஞ்சேரியில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், கலைக்கு வாழ்வைக் கொடுத்த பெண் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் கே.பி.ஏ.சி. லலிதாவைத் தேர்ந்துகொண்டேன். 2022 பிப்ரவரி 22 அன்று, காயலைத் தாண்டினால் வரும் திருப்பூணித்துறையில் அவர் மறைந்தார். 550க்கும் மேற்பட்ட படங்கள், இரண்டு தேசிய விருதுகள், கேரள அரசின் இரண்டாவது சிறந்த நடிகை விருது நான்கு முறை என அவருடைய கணக்கு நீளமானது. அந்தக் கணக்கை வாசித்துவிட்டு அமர்வது எளிது. ஆனால் அந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அவர் கதாநாயகி அல்ல. யாருக்கோ மனைவி, யாருக்கோ தாய், பக்கத்து வீட்டுக்காரி, மாமியார். இருந்தும் கேரளத்து வீடுகளில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்களைவிட ‘லலிதச் சேச்சி’ என்றவர்களே அதிகம். கதையின் ஓரத்தில் நின்ற ஒருவர் எப்படி ஒரு மக்களின் உறவினர் ஆனார் என்பதே இன்றைய என் கேள்வி.

என் விடை இது. லலிதாவின் கலை, பதில் சொல்லும் கலை. எதிரே இருப்பவர் பேசுவதை முழுக்கக் கேட்டு, அதற்குப் பிறகு வாய் திறப்பது. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது நாடக மேடை.

மேடை

அவருடைய இயற்பெயர் மகேஸ்வரி. காயங்குளத்துக்காரர்; தந்தை அனந்தன் நாயர் ஒரு புகைப்படக் கலைஞர். மகேஸ்வரி சிறுவயதில் நடனம் பயின்று, பத்து வயதை ஒட்டி நாடக மேடைக்கு வந்துவிட்டார். பிறகு கேரள மக்கள் கலைக் கழகமான கே.பி.ஏ.சி.யில் சேர்ந்தார். லலிதா என்ற பெயரை அங்கே நாடக ஆசிரியர் தோப்பில் பாசி இட்டார். அதே பெயரில் இன்னொரு நடிகையும் இருந்ததால் திரையில் வேறுபடுத்திக் காட்டக் கழகத்தின் பெயர் முன்னே சேர்ந்தது. மற்ற நடிகைகளின் பெயருக்கு முன்னால் ஊர் நிற்கும். இவர் பெயருக்கு முன்னால் ஒரு நாடகக் குழு நின்றது. கடைசிவரை அதை அவர் விடவில்லை.

அந்தக் குழு என்னவென்று தமிழ் இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 1952 டிசம்பர் 6 அன்று சவறையில் தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி’ முதன்முதலாக மேடையேறியது. நிலமற்றவர்களையும் நிலவுடைமைக் குடும்பத்தின் சரிவையும் பேசிய நாடகம். ஓ.என்.வி. குறுப்பின் பாடல்கள், ஜி. தேவராஜனின் இசை, கே.எஸ். ஜார்ஜும் கே.பி.ஏ.சி. சுலோசனாவும் மேடையிலேயே பாடி நடித்தது எல்லாம் சேர்ந்து கேரள அரசியலின் போக்கையே தொட்டன. அடுத்த ஆண்டு அரசு அதைத் தடை செய்தது. கலைஞர்கள் தடையை மீறி நடித்துக் கைதானார்கள்.

அதே 1953இல் இந்த மட்டாஞ்சேரியிலும் ஒன்று நடந்தது. துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்க ‘சாப்பா’ என்ற உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மீது வீசுவார்கள். அடித்துப் பிடித்து அதைப் பொறுக்கியவனுக்கு மட்டும் அன்று கூலி. அந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தில் செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது. மூன்று பேர் உயிரிழந்தனர். கே.எம். சிதம்பரன் அதை 1968இல் ‘துறைமுகம்’ என்ற நாடகமாக்கினார். 2023இல் ராஜீவ் ரவி அதைப் படமாக எடுத்தார். இங்கே சாயங்காலம் நாடகம் பார்க்கத் தரையில் அமர்ந்தவர்கள் பகலில் மூட்டை சுமந்தவர்கள். தங்கள் வாழ்க்கை மேடையில் பொய்யாக வந்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

லலிதா வளர்ந்தது இப்படிப்பட்ட பார்வையாளர் முன்னால். திருவிழா மைதானங்களில், திறந்தவெளியில், ஒரே நாடகத்தைப் பல நூறு இரவுகள் நடிக்கும் வாழ்க்கை அது. நேற்று சிரிப்பு வந்த இடத்தில் இன்று வராமல் போகும். எதிரே நிற்பவர் ஒரு சொல்லைத் தள்ளிப் போட்டால் நம் பதிலும் தள்ளிப் போக வேண்டும். மனப்பாடம் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியாது. செவி திறந்திருக்க வேண்டும். நாடகக் குழுவில் ‘என் வசனம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. நம் வசனம் மற்றவருடைய வசனத்தின் மீதுதான் நிற்கிறது. லலிதா திரைக்குக் கொண்டுவந்த மூலதனம் இந்தப் பாடம்தான்.

திரை

1969இல் கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘கூட்டுகுடும்பம்’ அவருடைய முதல் படம். அதுவும் தோப்பில் பாசியின் நாடகத்திலிருந்து வந்ததுதான். மூன்றே ஆண்டுகளில் அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படமான ‘சுயம்வர’த்தில் இருந்தார். 1977இல் வந்த ‘கொடியேற்ற’த்தில் சாந்தம்மா.

கொடியேற்றத்தைப் பார்த்தவர்களுக்குச் சங்கரன்குட்டியாக வாழ்ந்த கோபி நினைவில் இருப்பார்; அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. பொறுப்பென்றால் என்னவென்றே தெரியாத மனிதன் சங்கரன்குட்டி. திருவிழா, யானை, ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட்டு, சோற்று நேரத்துக்கு வீடு. அவனுக்கு வாழ்க்கைப்பட்ட சாந்தம்மாவுக்கு நீளமான வசனங்கள் இல்லை. அவன் வருவான் என்று காத்திருக்கும் முகம், வந்தபின் கேட்காமல் விடும் கேள்வி, கடைசியில் கர்ப்பிணியாகத் தன் வீட்டுக்குத் திரும்பும் முடிவு. இந்த மூன்றையும் லலிதா வசனத்தின் துணையின்றி நமக்குப் புரியவைத்தார். சங்கரன்குட்டி மெல்ல மெல்ல மனிதனாவது அந்த வீட்டின் வெறுமையால். அந்த வெறுமையை உண்டாக்கிவிட்டுப் போனவர் லலிதா.

தமிழில் இதே வேலையைச் செய்தவர்கள் நமக்கும் உண்டு. நாடகக் கொட்டகையிலிருந்து வந்த மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். ‘புதிய பாதை’க்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது பெற்றார். எஸ்.என். லட்சுமி மேடையில் தொடங்கி, வெள்ளித்திரையில் தாயாகவும் பாட்டியாகவும் பல தலைமுறை நடித்து, 2012இல் கண்மூடும்வரை ‘சரவணன் மீனாட்சி’ தொடரில் இருந்தார். லலிதாவை இந்தக் குடும்பத்துப் பெண்ணாகவே தமிழர்கள் பார்க்க வேண்டும். கதாநாயகன் ஊருக்கு ஊர் மாறாமல் இருப்பான். அவனுக்கு ஓர் ஊரையும் வீட்டையும் பேச்சுவழக்கையும் கொடுப்பவர்கள் இவர்கள்.

முகம் இல்லாத நாராயணி

பதில் சொல்லும் கலையின் உச்சம் எது என்று கேட்டால், அவர் திரையில் ஒரு கணமும் தோன்றாத படத்தைச் சொல்வேன். வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’ குறுநாவலை அடூர் படமாக்கினார். சிறையில் இருக்கும் எழுத்தாளர் பஷீராக மம்மூட்டி. சுவருக்கு அப்பால் பெண்கள் சிறை. அங்கிருந்து நாராயணி என்ற கைதியின் குரல் வருகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தான் வந்திருப்பதைத் தெரிவிக்க அவள் ஒரு காய்ந்த குச்சியை மேலே எறிவாள். சுவருக்கு மேல் குச்சி எழும்பினால் இந்தப் பக்கம் பஷீர் ஓடி வருவார்.

நாராயணியின் குரல் லலிதாவுடையது. கேமரா முழுக்க முழுக்க மம்மூட்டியின் முகத்தில் இருக்கிறது. அவர் கேட்கிறார், நாமும் கேட்கிறோம். ஒரு பெண்ணின் வயது, உடல், ஏக்கம், குறும்பு, தன் குற்றத்தைப் பற்றிய அவளுடைய நிலை எல்லாமே ஒலியில் மட்டும் கட்டப்பட வேண்டும். நாராயணி கொஞ்சுகிறாள், கோபிக்கிறாள், அழுகிறாள். எங்கேயும் வானொலி நாடகம் போல ஒலிக்கவில்லை. காரணம், அந்தக் குரல் பஷீரின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுவிட்டுப் பேசுகிறது. அவருடைய தயக்கத்தின் நீளம் அவளுடைய பதிலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு நடிகையிடமிருந்து முகத்தையும் உடலையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது எதுவோ அதுவே அவருடைய கலை. லலிதாவிடம் மிஞ்சியது ஒரு முழு மனுஷி.

மனைவி, தாய், மாமியார்

லலிதா 1978இல் இயக்குநர் பரதனை மணந்தார். தமிழ் ரசிகர்களுக்குப் பரதனை அறிமுகம் செய்ய ஒரு பெயர் போதும்: ‘தேவர் மகன்’. திருமண ஆண்டில் வந்த பரதனின் ‘ஆரவம்’ லலிதாவுக்கு மாநில விருதைத் தந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘அமரம்’ தேசிய விருதைத் தந்தது.

அமரம் கடலோரத்துக் கதை, லோகிததாஸ் எழுதியது. மகளை மருத்துவராக்கக் கனவு காணும் மீனவனாக மம்மூட்டி, அவருடைய தோழன் கொச்சுராமனாக முரளி, கொச்சுராமனின் மனைவி பார்கவியாக லலிதா. செல்லானத்திலும் கண்ணமாலியிலும் இருந்து வந்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கடலுக்குப் போன மகன் திரும்பாத வீட்டின் சத்தம் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்கவி அந்தச் சத்தத்தைத் திரையில் அப்படியே எழுப்பினாள். சண்டை போடும்போது ஊர்க்காரியாகவும், மகனுக்காக மாரில் அடித்துக்கொள்ளும்போது எந்தக் கரைக்கும் உரிய தாயாகவும் இருந்தாள். இரண்டாவது தேசிய விருது 2000ஆம் ஆண்டின் ‘சாந்தம்’ படத்துக்கு. ஜெயராஜ் இயக்கிய அந்தப் படம் அரசியல் கொலைகளின் பின்னால் நிற்கும் தாய்மார்களைப் பேசியது. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்கே.

நகைச்சுவையில் அவர் இன்னொரு ஆள். சத்யன் அந்திக்காடின் படங்களில் அவர் வந்தாலே ஒரு கிராமத்து அடுக்களையின் வாசனை வந்துவிடும். நடிகர் இன்னசென்டுடன் அவர் சேர்ந்த காட்சிகளைப் பாருங்கள். ‘மணிச்சித்ரத்தாழ்’ படத்தில் உண்ணித்தானும் பாசுரையும் கணவன் மனைவியாகப் பேசிக்கொள்வதில் யார் வசனம் முடிகிறது, யார் வசனம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அதே லலிதா ‘ஸ்படிக’த்தில் திலகனின் கண்டிப்புக்கும் மோகன்லாலின் வெறுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தாய். இருவருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பதிலும் இருவரையும் திருப்திப்படுத்தாது. அந்த நெருக்கடியைப் படம் முழுக்கச் சுமந்தார்.

தமிழ்நாட்டில் அவரை அறிந்தவர்கள் பெரும்பாலும் 1997இன் ‘காதலுக்கு மரியாதை’யைச் சொல்வார்கள். இயக்குநர் பாசில் அதை முதலில் மலையாளத்தில் ‘அனியத்திப்ராவு’ என்று எடுத்தார். இரண்டிலுமே நாயகனின் தாயாக ஸ்ரீவித்யா, நாயகியின் தாயாக லலிதா. காதலர்கள் பெற்றோருக்காகத் தங்கள் ஆசையைக் கைவிட்டுவிட்டார்கள். இரு குடும்பமும் எதிரெதிரே நிற்கிறது. அங்கே முடிவை மாற்றுபவர்கள் இரண்டு தாய்மார்கள். எல்லோரும் பேசாமல் இருக்கும் அந்த நேரத்தில் லலிதாவின் முகம் என்னென்ன கணக்குப் போடுகிறது என்று மறுமுறை பார்க்கும்போது கவனியுங்கள். மகன்களின் கோபம், ஊர்ப் பேச்சு, மகளின் கண்ணீர். கடைசியில் வாய் திறந்து மகளைக் கொடுக்கும்போது, அது உணர்ச்சிவசப்பட்டு வந்த சொல்லாக இல்லை. யோசித்து எடுத்த முடிவாக இருக்கிறது. ‘அலைபாயுதே’யில் மாதவனின் தாய், ‘காற்று வெளியிடை’ என்று தமிழில் அவர் பங்களிப்பு தொடர்ந்தது.

சின்னத்திரை

1998 ஜூலை 30 அன்று பரதன் காலமானார். குடும்பத்தின் சுமை முழுவதும் லலிதாவிடம் வந்தது. அடுத்த ஆண்டு சத்யன் அந்திக்காடின் ‘வீண்டும் சில வீட்டுகார்யங்கள்’ மூலம் திரும்ப நடிக்க வந்தார். அதற்குப் பிறகு அவர் ஓயவில்லை.

தொலைக்காட்சியை ஓய்வு பெறும் இடமாக நினைப்பவர்கள் உண்டு. மழவில் மனோரமாவின் ‘தட்டீம் முட்டீம்’ தொடரைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் ஓடிய அந்தக் குடும்ப நகைச்சுவைத் தொடரில் லலிதா மாமியார் மாயாவதி. மருமகள் மோகனவல்லியாக மஞ்சு பிள்ளை. ஒரு கூடம், ஒரு அடுக்களை, அன்றாடச் சச்சரவுகள். சினிமாவில் ஒரு காட்சியைப் பலமுறை எடுக்க நேரம் உண்டு. தொடர் படப்பிடிப்பில் அந்த வசதி குறைவு. எதிரே இருப்பவர் சொல்வதைப் பிடித்து உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். மைதான மேடைகளில் பழகியவருக்கு அது தன் சொந்த நிலம். மாமியார் மருமகள் சண்டையை வில்லத்தனமாக்கிக் காசு பார்க்கும் தொடர்களுக்கு நடுவே, இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் சீண்டியும் தாங்கியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை அந்தத் தொடர் காட்டியது. முதுமையில் ஒரு பெண் சிரிக்கவைக்கிறவளாக, ஆசைகள் உள்ளவளாக, பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவளாக வீட்டுக்கு வீடு வந்தாள். மூத்த நடிகைகளுக்கு வெள்ளித்திரை கொடுக்காத இடத்தைச் சின்னத்திரை கொடுத்தது.

அவர் பேசியதும் அவரிடம் நாம் கேட்க வேண்டியதும்

இங்கே ஒரு சங்கடமான செய்தியைத் தவிர்க்காமல் பேச வேண்டும். போற்றுகிறவரைப் பற்றிப் பாதி மட்டும் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

லலிதா ‘கத துடரும்’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். அக்காலத்தின் செல்வாக்கு மிக்க நடிகர் ஒருவரின் விருப்பத்துக்கு இணங்காததால் தான் பட்ட அவமானங்களையும் இழந்த வாய்ப்புகளையும் அவர் பகிரங்கமாகச் சொன்னார். இப்படிச் சொல்ல எவருக்கும் துணிவில்லாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆனால் 2018 அக்டோபரில், மலையாள நடிகர் சங்கத்தின் சார்பில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அவர் அமர்ந்து, சங்கத்தை எதிர்த்துக் கேள்வி கேட்ட இளைய நடிகைகள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வர வேண்டும் என்ற பொருளில் பேசினார். பலருக்கு அது வலித்தது. எனக்கும் வலித்தது.

அவர் தவறான பக்கம் நின்றார் என்றே நான் கருதுகிறேன். அதோடு, அவர் ஏன் அங்கே நின்றார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். குழுவில் வளர்ந்தவருக்குக் குழுவே அடைக்கலம். கணவரை இழந்து, அடுத்த படம் வந்தால்தான் வீடு நடக்கும் என்ற நிலையில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண் சங்கத்தைப் பகைத்துக்கொள்ளும் துணிவை எங்கிருந்து பெறுவார்? மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் அமைக்கப்பட்ட ஹேமா குழு 2019இல் அரசிடம் தந்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. வாய்ப்பு மறுக்கப்படும் என்ற அச்சமே பெண்களின் வாயை அடைக்கிறது என்று அது சொன்னது. லலிதாவின் தன்வரலாற்றைக் கவனமாகப் படித்தவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

2021 நவம்பரில் அவர் கல்லீரல் நோயால் படுத்தபோது சிகிச்சைச் செலவை ஏற்கக் கேரள அரசு முன்வந்தது. அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. இத்தனை படம் நடித்தவருக்குப் பணமா இல்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். அரை நூற்றாண்டு உழைத்து, கேரள சங்கீத நாடக அகாதமியின் தலைவராகவும் ஐந்தாண்டுகள் இருந்த ஒருவரிடம் மருத்துவச் செலவுக்குப் பணம் இல்லையென்றால், அந்தத் தொழில் யாருக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது? குணச்சித்திர நடிகைக்கு ஊதியம் நாள் கணக்கில் வருகிறது. படம் வெற்றி பெற்றால் அந்த வெற்றியில் அவருக்குப் பங்கில்லை. சாப்பா வில்லையைப் பொறுக்கியவனுக்கு மட்டும் கூலி என்ற முறைக்கு எதிராக இந்த மண்ணில் உயிர் போயிருக்கிறது. இந்த அநீதி உங்களுக்குப் புரியும்.

இக்கரைப் பெண்கள்

லலிதாவோடு இந்தக் கலை முடிந்துவிடவில்லை. போர்ச்சுகீசியர் வந்த பிறகு இந்தக் கடற்கரையில் கிறித்தவர்கள் வளர்த்த சவிட்டுநாடகத்தில் பாட்டும் வசனமும் தமிழ் கலந்தே இருக்கின்றன. ‘காரல்மான் சரிதம்’ எழுதியவர் என்று மரபு சொல்லும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்தை ஆட்டுவிக்கும் ஆசானை இன்றும் அண்ணாவியார் என்றுதான் அழைக்கிறார்கள். அந்தச் சவிட்டுநாடக மரபிலிருந்து வந்த மோளி கண்ணமாலி ‘ஸ்திரீதனம்’ தொடரால் வீடுதோறும் அறிமுகமானார். வைப்பின் தீவின் நாடக மேடைகளில் வாழ்ந்த போளி வல்சன், செல்லானத்தைக் களமாகக் கொண்ட ‘ஈ.ம.யௌ’வுக்கும் ‘ஒற்றமுறி வெளிச்ச’த்துக்கும் 2017ஆம் ஆண்டின் மாநில விருதைப் பெற்றார். பல பத்தாண்டுகள் மேடையில் நின்ற பிறகே சினிமா இவர்களைக் கண்டுகொண்டது.

லலிதாவின் கடைசிப் படங்களில் ஒன்றான ‘பீஷ்ம பர்வம்’, 1980களின் கொச்சியில் நடக்கும் கதை. அவர் மறைந்து ஒன்பதாவது நாள், 2022 மார்ச் 3 அன்று அது வெளியானது. எங்கக்காட்டில், பரதன் வீட்டு மண்ணில் தகனம் முடிந்த பிறகு இங்குள்ள அரங்குகளில் மக்கள் அவருடைய நடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்பர்களே, இந்த அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மட்டாஞ்சேரியிலும் வைப்பினிலும் செல்லானத்திலும் மேடையேறிய பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த நாடகத்தில் என்ன வேடம், எந்த ஊர் மைதானம், கூலி எவ்வளவு, மேடையில் எதிரே நின்றவர் யார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்யுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டு நாடகப் பெண்களுக்கும் இந்த வேலையை நாங்கள் அங்கே செய்ய வேண்டும். பெரும்பாலும் செய்யாமல் விட்டோம். அவர்களில் மருந்துக்கு வழியில்லாதவர்கள் யார் என்று அறிந்து, அரசின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். லலிதா வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுப் பதில் சொன்னார். அவருடைய தோழிகள் பேசுவதை நாம் கேட்பதும், கேட்டதற்குச் செயலால் பதில் சொல்வதும் அவருக்கு நாம் பட்ட கடன். அந்தக் கடனை அடைக்கும் பணியை இந்த ஆண்டே தொடங்குங்கள்.